உருகின பனி நேரே கடலுக்குத்தானே வரும்?

பள்ளம் என்ற கடற்கரை ஊரிலிருந்து நாகர்கோவிலுக்குக் கல்லூரி வந்துபோகும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. "சார், கிரீன்லாந்துல பனி உருகுது. உருகின தண்ணி நேரே கடலுக்குத்தானே வரும்? நடுவுல என்ன இருக்கு? ஒரு வீடியோவுல பனி மட்டம் இறங்கிட்டுன்னு சொல்லுகாவ. இன்னொண்ணுல அங்க பனி முன்னைவிடக் கூடுதலாப் பெய்யுதுன்னு சொல்லுகாவ. எதை நம்பணும்?"

நேரே வராது. நடுவில் ஓர் அடுக்கு இருக்கிறது. உருகும் தண்ணீரில் ஏறத்தாழப் பாதியை இதுநாள் வரை அதுதான் வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. வீடியோ இரண்டிலும் பொய் இல்லை, ஆனால் இரண்டுமே இந்த அடுக்கைப் பற்றிப் பேசாமல் விட்டிருக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் பனி கூடினதா குறைந்ததா என்பதே புரியாது. நான் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன். பனிப்பாளத்தை நேரில் பார்த்ததில்லை, பனி என்றால் எனக்கும் மார்கழி விடியலில் வாழையிலையிலிருந்து சொட்டுவதுதான். ஆனாலும் இந்த அடுக்கின் மேல் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அதற்கு உலகமெங்கும் ஃபிர்ன் என்று பெயர். ஜெர்மன் சொல். 'போன வருஷத்தது' என்பது பொருள். ஒரு கோடையைத் தாண்டியும் உருகாமல் கிடந்த பனி அது. பழஞ்சோறு, பழங்கஞ்சி என்று சொல்லி வளர்ந்த நமக்குப் பழம்பனி என்றால் சட்டென்று பிடிபடும். அப்படியே சொல்கிறேன்.

கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் மேலிருந்து அடிவரை பனிக்கட்டி என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உள்பகுதியில் மேல் 60, 80 மீட்டர், அண்டார்டிகாவில் சில இடங்களில் 100 மீட்டருக்கு மேல், பனிக்கட்டியே கிடையாது. அது புட்டு.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புட்டுக்கு மாவு விரவும்போது அம்மா சொல்வாளே, பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்று. மணி மணியாக இருக்கும். மணிக்கும் மணிக்கும் நடுவே இடைவெளி, அந்த இடைவெளி வழியாகத்தான் ஆவி கீழிருந்து மேலே போகும். பழம்பனியும் அப்படித்தான். காற்றில் அடிபட்டுப் படிந்த மேற்பரப்புப் பனி ஒரு கன மீட்டர் 300 முதல் 400 கிலோ இருக்கும். காற்றே இல்லாத பனிக்கட்டி 917 கிலோ. அப்படியானால் மேலே கிடப்பதில் பாதிக்கு மேல் வெறும் காற்று. ஒவ்வொரு வருஷமும் புதுப் பனி மேலே விழ விழ, கீழே இருப்பது பாரத்தில் அமுங்கும். முதலில் மணிகள் நகர்ந்து ஒன்றின் இடுக்கில் ஒன்று போய் உட்காரும். கன மீட்டருக்கு 550 கிலோ ஆகும் வரை இந்த நகர்தல் நடக்கும். அதன் பிறகு நகர இடம் இருக்காது. மணிகள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒட்டத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள், கல்லுப்பு ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு கரண்டிக்கு வராது. அங்கே ஒட்டவைப்பது காற்றின் ஈரம். இங்கே காரணம் வேறு. பனி எப்போதும் தன் உருகுநிலைக்குப் பக்கத்திலேயே வாழும் பொருள், மூலக்கூறுகள் உருகாமலே இடம் மாறிக் கழுத்துப்போல் இணைப்புக் கட்டிக்கொள்ளும். 830 கிலோவை எட்டும்போது துளைகளுக்கு ஒன்றோடொன்று தொடர்பு அறுந்துபோகும். உள்ளே இருந்த காற்று குமிழாகச் சிறைப்படும். அங்கே பழம்பனி முடிந்து பனிக்கட்டி தொடங்குகிறது. எட்டு லட்சம் ஆண்டு பழைய காற்றை அண்டார்டிகாவில் துளை போட்டு எடுத்து ஆராய முடிந்தது இந்தக் குமிழ்களால்தான்.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது இடத்தைப் பொறுத்தது. கிரீன்லாந்தின் உச்சியில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு. கிழக்கு அண்டார்டிகாவின் நடுவில் பனி சொற்பமாகத்தான் விழும், குளிரோ பயங்கரம். அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டு. குளிர் கூடினால் கெட்டிப்படுவது மெதுவாகும், சூடு கூடினால் வேகமாகும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இதையெல்லாம் முதலில் முறையாக அளந்தவர் எர்ன்ஸ்ட் சோர்கே என்ற ஜெர்மானியர். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரெட் வெகெனர் 1930-இல் கிரீன்லாந்தின் நடுவில், மேற்குக் கரையிலிருந்து 400 கிலோமீட்டர் உள்ளே, ஐஸ்மிட்டே என்று ஒரு முகாம் போட்டார். சாமான் போய்ச் சேரத் தாமதமானதால் வீடு கட்ட வழியில்லாமல், மூன்று பேர் பழம்பனியைக் குடைந்து குகைக்குள்ளேயே குளிர்காலம் முழுவதும் இருந்தார்கள். ஒருவருக்குக் கால்விரல்கள் உறைந்து அழுகிவிட்டன, கூட இருந்தவர் பேனாக்கத்தியால் அவற்றை வெட்டி எடுத்தார். அவர்களுக்குச் சாமான் கொண்டுவந்த வெகெனர், தம் ஐம்பதாவது பிறந்தநாளான நவம்பர் 1 அன்று கரைக்குத் திரும்பக் கிளம்பினார். போய்ச் சேரவில்லை. இத்தனைக்கும் நடுவில் சோர்கே அந்தக் குகையிலிருந்து கீழ்நோக்கி 15 மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, படிப்படியாகப் பனியின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் போர்வையை விட்டு வெளியே வந்திருக்க மாட்டேன்.

அவர் கண்டது இது. தட்பவெப்பம் மாறாமல் இருந்தால், மேற்பரப்பிலிருந்து குறிப்பிட்ட ஆழத்தில் அடர்த்தி எந்த வருஷம் அளந்தாலும் ஒன்றாகவே இருக்கும். பனி மாறிக்கொண்டே இருக்கும், அடுக்கின் அமைப்பு மாறாது. திற்பரப்பு அருவியைப் போன வருஷமும் பார்த்தோம், இந்த வருஷமும் பார்க்கிறோம். விழுகிற தண்ணீர் வேறு, அருவி அதே அருவி. பின்னாளில் ஹென்றி பாடர் என்பவர் 1954-இல் இதற்கு சோர்கே விதி என்று பெயர் வைத்தார்.

விதியின் தலையிலேயே நிபந்தனை உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். தட்பவெப்பம் மாறாமல் இருந்தால். இப்போது அது மாறுகிறது. அதனால் சோர்கே விதி செல்லாத காலத்துக்குப் பழம்பனி வந்துவிட்டது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் அந்த நிபந்தனை உடைந்ததன் விளைவுதான்.

முதல் விளைவு தண்ணீரே இல்லாமல் நடப்பது. சூடு கொஞ்சம் கூடினாலும் கெட்டிப்படும் வேகம் கூடும் என்று சொன்னேனே, அதனால் ஒரு சொட்டு உருகாமலே மேற்பரப்பு கீழே இறங்கும். அரிசி டப்பாவைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் மட்டம் இறங்குமே, ஒரு மணி அரிசி வெளியே போகாமல், அப்படி. செயற்கைக்கோள் மேலிருந்து லேசர் அடித்து உயரத்தை மட்டும் அளந்தால் ஒரு மீட்டர் இறங்கிவிட்டது என்றுதான் காட்டும். அந்த ஒரு மீட்டர் பனிக்கட்டி கரைந்ததா, உள்ளிருந்த காற்று வெளியேறியதா என்று உயரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு நேர் எதிரானதும் உண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், ஆகவே குளிர்ந்த உள்பகுதிகளில் பனிப்பொழிவு கூடும். கூடினால் மட்டம் உயரும். ஆனால் உயர்ந்தது லேசான பனி. ஒரு மீட்டர் புதுப் பனியும் ஒரு மீட்டர் பனிக்கட்டியும் எடையில் ஒன்றாகாது.

தம்பி பார்த்த இரண்டு வீடியோவும் மோதிக்கொள்வதன் ரகசியம் இதுதான். ஐஸ்சாட் என்ற செயற்கைக்கோள் 2003-இலிருந்து 2009 வரை அளந்து தந்ததும், கிரையோசாட்-2 2010-இலிருந்து, ஐஸ்சாட்-2 2018-இலிருந்து அளந்து தருவதும் உயரம். உயரத்தை எடையாக மாற்ற, பழம்பனி எவ்வளவு அமுங்கியது என்று கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும். அந்தக் கணக்கில்தான் தவறுக்கு இடம் அதிகம். இதைத் தாண்ட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2002-இல் கிரேஸ் என்று இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பினார்கள். ஒன்றின் பின் ஒன்றாக ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் சுற்றும். கீழே கனமான இடம் வந்தால் முன்னால் போவதைப் புவியீர்ப்பு சற்றே முந்தி இழுக்கும், இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் துளி மாறும், அதை அளந்து கீழே இருப்பதன் எடையைச் சொல்லிவிடுவார்கள். டப்பாவைத் தட்டினாலும் தராசு ஏமாறாது. 2017-இல் அது முடிந்து 2018-இல் அடுத்த ஜோடி போனது. தராசு சொல்வது இது: கிரீன்லாந்து எடை இழந்துகொண்டிருக்கிறது. 1992 முதல் 2020 வரை பல முறைகளையும் சேர்த்துப் பார்த்த கணக்கில் கிரீன்லாந்து இழந்தது ஏறத்தாழ 4,890 கிகா டன். ஒரு கிகா டன் என்பது நூறு கோடி டன். அதனால் உலகக் கடல் மட்டம் சுமார் 13.5 மில்லிமீட்டர் ஏறியது. இனி எந்த வீடியோ பார்த்தாலும், அளந்தது உயரமா எடையா என்று மட்டும் பாருங்கள்.

சரி, இப்போது தண்ணீருக்கு வருவோம்.

கோடையில் மேற்பரப்புப் பனி உருகும். உருகியது எங்கே போகும்? கீழே. மணிகளின் நடுவே இறங்கும். உள்ளே குளிர் இருப்பதால் மறுபடி உறையும். கிரீன்லாந்தில் உருகுவதிலும் மழையாக விழுவதிலும் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு இப்படித் திரும்ப உறைந்துவிடுகிறது. கடலுக்கு வருவதே இல்லை. நம் நாஞ்சில் நாட்டுக் குளங்கள் செய்துவந்த வேலை இது. மலையிலிருந்து வந்த தண்ணீரைக் குளம் வாங்கிக்கொள்ளும், நிறைந்தால் அடுத்த குளத்துக்கு மறுகால் போகும், கடைசியில் மிஞ்சியது பழையாறு வழியாக மணக்குடியில் கடல் சேரும்.

ஆனால் இந்தக் குளத்தில் இரண்டு சிக்கல். ஒன்று, இது தூர்ந்துகொண்டே வாங்கும் குளம். உறைந்த தண்ணீர் துளையை அடைத்துவிடும், அந்த இடம் இனி இல்லை. நம் குளம் சித்திரையில் வற்றி ஆனியில் மறுபடி வாங்கும். அது வற்றாது. இன்னொன்று சூடு. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும், ஒரு கிராமுக்கு 334 ஜூல். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், உறைவது என்றால் குளிர்விப்பது என்றே நினைப்பார்கள். ஒரு கிராம் தண்ணீர் உறைந்தால் தன்னைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 160 கிராம் பனியை ஒரு டிகிரி சூடேற்றிவிடும். பல மீட்டர் ஆழத்துக்குச் சூட்டைக் கொண்டுசேர்க்கப் பனிக்குள் இதைவிட வேகமான வழி இல்லை. பனியே நல்ல வெப்பக்காப்பு, காற்றின் சூடு மெதுவாகத்தான் ஊறும், தண்ணீரோ ஒரே மத்தியானத்தில் எடுத்துக்கொண்டு போய்விடும். சூடான பழம்பனி இன்னும் வேகமாகக் கெட்டிப்படும். அடுத்த கோடையில் உறையவைக்கும் திறனும் அதற்குக் குறைந்திருக்கும். துளையும் போச்சு, குளிரும் போச்சு.

இதுவரைக்கும்கூட எல்லாம் மெதுவாக நடக்கும், குளம் முழுசாகத் தூர எத்தனையோ வருஷம் ஆகும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அந்தக் கணக்கின் ஓட்டை தெரியவந்தது. அதைச் சொல்வதற்கு முன் என் சமையலறைக் கதை ஒன்று.

வீட்டுக்காரி மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், நானே புட்டு அவிக்கிறேன் என்று இறங்கினேன். மாவில் தண்ணீர் ஒரு கை கூடிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். குழலில் நிறைய வைக்கிறேன் என்று கட்டைவிரலால் வேறு அமுக்கினேன். அடுப்பில் வைத்து இருபது நிமிஷம் ஆகியும் மேலே ஆவி வரவில்லை. குழலும் குடமும் சேரும் இடத்தில் சுற்றியிருந்த துணி வழியாகத்தான் ஆவி புஸ்ஸென்று பக்கவாட்டில் பாய்ந்தது. தள்ளிப் பார்த்தால் நடுவில் ஒரு விரல்கிடை அளவுக்குக் களி மாதிரி ஒரு தட்டு. அதற்கு மேலே இருந்த மாவு முழுசும் பச்சையாக, உதிரியாக, நல்ல புட்டு ஆகியிருக்க வேண்டிய மாவாக அப்படியே கிடந்தது. ஆவி போக இடம் இருந்தது, வழி இல்லை.

கிரீன்லாந்தில் நடந்தது இதுதான், தலைகீழாக. அங்கே மேலிருந்து தண்ணீர் இறங்க வேண்டும். 2012 ஜூலை நடுவில் ஒரு சில நாள் கிரீன்லாந்தின் மேற்பரப்பில் 97 சதவீதம் உருகுநிலையில் இருந்ததாகச் செயற்கைக்கோள்கள் காட்டின. மூவாயிரம் மீட்டருக்கு மேலே உள்ள உச்சிகூட ஈரமானது. அந்த வாரம் மேற்குக் கரையில் கங்கர்லுசுவாக் ஊரில் வாட்சன் ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பழம்பனி அவ்வளவு ஆழம் இருக்கிறது, துளையும் நிறைய மிச்சம் இருக்கிறது, அப்புறம் எப்படி இவ்வளவு தண்ணீர் வெளியே வந்தது? தோண்டிப் பார்த்தபோது, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பனிக்கட்டிப் பலகைகள் பரந்து கிடந்தன. வருஷா வருஷம் உறைந்த மெல்லிய வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு மீட்டரிலிருந்து 16 மீட்டர் வரை தடித்த, பல கிலோமீட்டர் தொடர்ச்சியான பலகைகள். கீழே நல்ல பழம்பனி வெறுமனே கிடக்கிறது. தண்ணீர் அதை எட்ட முடியாமல் பலகையின் மேல் ஆறாக ஓடுகிறது. 2016-இல் இது ஆய்விதழில் வெளிவந்தது. 2019-இல் விமானத்திலிருந்து ரேடார் அடித்த தரவுகளைக் கொண்டு இன்னொரு குழு சொன்னது: 2001-க்குப் பிறகு இந்தப் பலகைகளால் மட்டும் கிரீன்லாந்தில் தண்ணீர் வழிந்தோடும் பரப்பு 26 சதவீதம் கூடிவிட்டது. சுமார் 65,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதி.

2012-ஐ மட்டும் குறை சொல்ல முடியாது, அதற்கு முந்தைய கோடைகள் எல்லாம் சேர்ந்து போட்ட தளம் அது. ஆனால் எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுவது, ஒரு மோசமான கோடை முடிந்ததும் அதன் பாதிப்பு முடிவதில்லை என்பது. அடுத்த வருஷம் சாதாரணமாக உருகினாலும் பலகை அங்கேயே இருக்கும், தண்ணீர் வழிந்துதான் ஓடும். வீட்டு முற்றத்தில் சிமென்ட் போட்ட மாதிரி. நம் ஊரில் 2021 நவம்பர் வெள்ளத்தின்போது மழை அதிகம் என்றார்கள், அதிகம்தான். முன்பு அதே மழையை வாங்கிக்கொண்ட வயல்களில் எத்தனை இன்று வீட்டுமனை என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

2021 ஆகஸ்ட் 14 அன்று கிரீன்லாந்தின் உச்சியில், 3,216 மீட்டர் உயரத்தில், பனி விழவில்லை, மழை பெய்தது. அங்கே மழை பதிவானது அதுவே முதல் தடவை.

பழம்பனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைக்க வேண்டாம். தென்கிழக்கு கிரீன்லாந்தில் வேறு ஒரு கதை. அங்கே பனிப்பொழிவு மிக அதிகம். 2011 ஏப்ரலில் ஓர் ஆய்வுக்குழு துளையிட்டது. குளிர்காலம் இன்னும் முடியவில்லை, வெளியே காற்று மைனஸ் 15 டிகிரி. பத்து மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்த துளைக்கருவியிலிருந்து தண்ணீர் வடிந்தது. உறையாத தண்ணீர்! கோடையில் இறங்கிய தண்ணீரை, அது உறைவதற்குள், இலையுதிர்காலப் பனி கனமாக மூடிப் போர்த்திவிடுகிறது. குளிர் கீழே எட்டுவதே இல்லை. பழம்பனிக்குள் நிலத்தடி நீர் மாதிரி ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கிறது. முதல் மதிப்பீட்டில் அதன் பரப்பு 70,000 சதுர கிலோமீட்டர், உள்ளே இருப்பது ஏறத்தாழ 140 கிகா டன். ஒரே சமயத்தில் கடலுக்கு வந்தால் 0.4 மில்லிமீட்டர்தான் ஏறும், பயப்பட ஒன்றுமில்லை. கவலை வேறு. அந்தத் தண்ணீர் பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து, பனிப்பாளத்தின் ஓரத்தில் வெடிப்பு இருந்தால் அதற்குள் இறங்கும். தண்ணீர் பனிக்கட்டியைவிடக் கனம் என்பதால் வெடிப்பு நிறைய நின்றால் அடியைப் பிளந்துகொண்டே போகும்.

இந்தப் பிளப்பின் பெரிய காட்சி அண்டார்டிகாவில் நடந்தது. அண்டார்டிகாவுக்கு வருவதற்கு முன் நம் ஊர்ப் பெருமை ஒன்று. முக்கடல் சங்கமத்தில் நின்று தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை நடுவில் நிலமே இல்லை என்று சுற்றுலா வருகிறவர்களுக்குச் சொல்வோம். கிட்டத்தட்ட உண்மை. பிரெஞ்சுக்காரர்களின் ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்று இரண்டு பொட்டுத் தீவுகள் ஏறத்தாழ அதே தீர்க்கரேகையில் இருக்கின்றன. அவற்றைத் தாண்டினால் அண்டார்டிகாதான். அதுவும் போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே, லார்ஸ்மன் குன்றுகளில், 2012-இல் தொடங்கிய இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம். கன்னியாகுமரி கிழக்கு 77½ டிகிரி, பாரதி 76 டிகிரி. பாரதி பாறையின் மேல் நிற்கிறது, அதற்குக் காரணம் உண்டு. 1983-84-இல் நாம் கட்டிய முதல் நிலையமான தட்சிண் கங்கோத்ரியை மிதக்கும் பனிமேடையின் மேல் கட்டினோம். வருஷா வருஷம் பனி விழுந்து, அமுங்கி, கட்டடம் பழம்பனிக்குள் புதைந்துபோனது. சில வருஷத்திலேயே கைவிட வேண்டியதாயிற்று. 1989-இல் மைத்ரியைப் பாறையில் கட்டினார்கள். பழம்பனி தன் மேல் வைத்த எதையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும் என்பதற்கு நம் வீட்டு உதாரணமே இருக்கிறது.

அண்டார்டிகாவின் பெரும்பகுதி இன்னும் உருகாத குளிரில் இருக்கிறது. அங்கே இப்போதைக்குக் கூடுதல் பனிப்பொழிவு துளைகளைச் சேர்க்கவும் செய்கிறது, இதை மறைக்கக் கூடாது. ஆபத்து ஓரங்களில், கடலில் மிதக்கும் பனிமேடைகளில். அண்டார்டிகத் தீபகற்பத்தில் லார்சன் பி என்று ஒன்று இருந்தது. பல பத்தாண்டுகள் சூடேறி அதன் மேலிருந்த பழம்பனி அமுங்கி, உறைந்து, துளையெல்லாம் தீர்ந்துபோனது. அதற்கு மேல் உருகிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் ஆயிரக்கணக்கான குட்டைகளாக மேலேயே தேங்கியது. குட்டைகள் வெடிப்புகளை நிரப்பின. 2002 தொடக்கத்தில் ஐந்தே வாரத்தில் 3,250 சதுர கிலோமீட்டர் நொறுங்கியது, கிட்டத்தட்ட இரண்டு குமரி மாவட்டம். மிதந்துகொண்டிருந்தது உடைந்ததால் கடல் மட்டம் நேரடியாக ஏறாது, டம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழியாதே. ஆனால் அது பின்னாலிருந்த பனியாறுகளுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. முட்டு போனதும் அவை பல மடங்கு வேகமாகக் கடலுக்குள் சரிந்தன. அந்தப் பனி நிலத்தின் மேலிருந்தது, அது ஏற்றும். அதனால்தான் ஒரு பனிமேடை எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்க்கிறவர்கள் முதலில் அதன் பழம்பனியில் எவ்வளவு காற்று மிச்சம் என்று கேட்கிறார்கள். அத்தனை துளையையும் ஒன்றாகச் சேர்த்தால் எத்தனை மீட்டர் வெறுங்காற்று நிற்கும் என்று ஒரு கணக்கு. அது பூஜ்யத்தை நெருங்கினால் குட்டைகள் தொடங்கும்.

திரும்பக் குளிர்ந்தால் சரியாகிவிடாதா என்று தம்பி அடுத்துக் கேட்டான். ஆகும், ஆனால் போன வேகத்தில் வராது. ஒரு கோடை அடைத்த துளையைத் திறக்க முடியாது. அதன் மேல் புதிதாக, உருகாத பனி வருஷக்கணக்கில் விழுந்து புது அடுக்குக் கட்ட வேண்டும். அடைக்கச் சில கோடை போதும், கட்டப் பல பத்தாண்டு. இதற்கு ஒத்திகையும் நடந்து முடிந்துவிட்டது. கிரீன்லாந்தின் பெரிய பாளத்தைச் சேராமல் ஓரத்தில் தனித்தனியாக இருக்கும் சிறிய பனிமுடிகளில் 1997-ஐ ஒட்டியே பழம்பனியின் உறையவைக்கும் திறன் தீர்ந்துவிட்டது என்று 2017-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அதற்குப் பிறகு அங்கே கூடுதலாக உருகுவது நேரே கடலுக்குத்தான். தம்பியின் கேள்விக்கு, அந்த ஓரத்தில் மட்டும், 'ஆமாம்' என்று பதில்.

இனி பள்ளத்துக்கு வருவோம். அங்கே வீட்டு வாசல் வரை கடல் வந்ததை கிரீன்லாந்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். நம் கடலரிப்பில் மணலோட்டத்துக்குப் பெரும்பங்கு. ஓர் ஊரில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டால் அடுத்த ஊரில் மணல் குறையும், அது தூத்தூர் முதல் கோவளம் வரை எல்லாருக்கும் தெரியும். கள்ளக்கடல், அதாவது உள்ளூரில் காற்றில்லாமலே திடீரென்று பொங்கும் கடல், வரும் நாளில் அலையின் ஊற்று தெற்கே வெகுதூரத்துப் புயல். இவற்றுக்கெல்லாம் அடியில், உலகக் கடல் மட்டம் 2006-க்கும் 2018-க்கும் நடுவே வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் ஏறியது. அதில் ஒரு பங்குதான் பனிப்பாளங்களுடையது. ஆனால் அந்தப் பங்கு நமக்குச் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாகவே வந்து சேரும்.

"அதெப்படி சார், உருகுறது அங்க, ஏறுறது இங்கயா?"

அப்படித்தான். கிரீன்லாந்தின் மேல் இருக்கும் அந்தப் பெரும் பாரம் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் ஈர்த்து வைத்திருக்கிறது. மலையடிவாரத்தில் தொங்கவிட்ட தூக்குநூல் மலைப் பக்கம் துளி சாயுமே, அதே ஈர்ப்பு. பாரம் குறையக் குறையப் பிடி தளரும். அங்கே குவிந்திருந்த தண்ணீர் விலகி தூரத்துக் கடல்களுக்குப் பரவும். பாரம் குறைந்த நிலமும் அங்கே மேலெழும்பும். அதனால் பனி உருகும் கிரீன்லாந்தின் கரையிலேயே கடல் மட்டம் இறங்குகிறது, பூமத்திய ரேகைப் பக்கத்துக் கரைகளில் கூடுதலாக ஏறுகிறது. பள்ளம் எட்டு டிகிரி வடக்கில் இருக்கிறது.